உப்புப் போட்ட கை

அத்தியாயம் ஏழு

செத்துப்போன மனுஷன் வீட்டு டீயைக் குடித்துப் பார் என்று யாராவது சொன்னால் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். ஷம்ஷியும் அப்படித்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் குடித்தான். சொன்னது அனார்கான் அக்காவாயிற்றே, என்ன செய்வது?

மாவட்டக் காவல் துறையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அனார்கான். மேலே இருப்பவர்கள் கைகாட்டிய ஆளைக் குற்றவாளி ஆக்க மறுத்தார் என்பதற்காக, பதவி உயர்வுக்குப் பதில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாரின் மலைப்பக்கம் யாருக்கு என்ன வில்லங்கம் வந்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஷம்ஷி அவருக்கு டிரைவர், எடுபிடி, பொழுது போகாத நேரத்தில் பொழுதுபோக்கு.

கெட்டிலில் டீயின் மேல் மெல்லிசாகப் பனித்தகடு கட்டியிருந்தது. அதை விரலால் உடைத்து ஒரு வாய் உறிஞ்சினான். மறுநொடி வாசலுக்கு ஓடித் துப்பினான்.

"என்னடா ருசி?"

"இதுல ஒரு ஆட்டை ஊறப் போட்டா குளிர்காலம் முழுக்கக் கெடாதுக்கா."

அனார்கானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் கோணியது. கைக்குட்டையில் துப்பிவிட்டு, கெட்டிலையே முறைத்துக்கொண்டு நின்றார்.

அது மொல்தோகான் கிழவரின் மண் குடிசை. வாசலுக்கு எதிரே தாஷ்-புலாக் சுனை. பாறைக்கு அடியிலிருந்து கசிந்து, குடைந்த மரத்தொட்டியில் விழுந்து, தொட்டி நிரம்பி வழிகிற இடத்தில் தரையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். முந்தாநாள் காலையில் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் கிழவர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையைக் கல் பிளந்திருந்தது. போலீஸ் கேப்டன் உசென் வந்தான், குதிரைக் குளம்புத் தடத்தைப் பார்த்தான், மத்தியானச் சாப்பாட்டுக்குள் கொலைகாரனையும் பிடித்துவிட்டான். பிடிபட்டவன் தெமிர்போலோத், ஓடைக்கு மேலே கிடை போட்டிருக்கிற இளம் மேய்ப்பன். இலையுதிர் காலத்தில் மேலே பனியோடை உறைந்ததும் மந்தையைத் தண்ணீருக்கு இங்கே ஓட்டி வருவான். கிழவர் கத்துவார், இவன் பதிலுக்குக் கத்துவான். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்ட சண்டை அது. உசெனுக்கு அது போதுமாக இருந்தது.

நாளைக் காலையில் வண்டி ஏற்றி நகரத்துச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போய்விட்டால் அப்புறம் பெட்டியை மூடி ஆணி அடித்த மாதிரிதான், யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. அவன் மனைவி பூரூல் குதிரையில் வந்து அனார்கானிடம் அழுதது இதற்காகத்தான்.

"ஷம்ஷி, இந்த வீட்ல உப்பு எங்க இருக்குன்னு பாரு."

அவன் அலமாரி, பெட்டி, மாவு மூட்டை எல்லாவற்றையும் புரட்டினான். ஒரு சிட்டிகை கூட இல்லை. இருக்கவும் இருக்காது. இந்த மலையில் டீ என்றால் பால் ஊற்றி உப்புப் போட்ட டீதான், உப்பில்லாத டீயை விருந்தாளிக்குக் கொடுத்தால் ஊர் சிரிக்கும். ஆனால் தாஷ்-புலாக் மட்டும் விதிவிலக்கு. அந்தத் தண்ணீரே பாதி உப்பு, பாதி கசப்பு. ஆடுகள் ஆசையாகக் குடிக்கும். மனுஷன் வேறு வழியில்லாமல் குடிப்பான். அதில் போய் எவனும் உப்புப் போட மாட்டான்.

"போட்டிருக்கானே" என்றார் அனார்கான்.

தரையில் விரித்த துணியில் பாதி பிய்த்த ரொட்டி, புது டீத்தூள் பொட்டலம், இரண்டு கிண்ணம். வாசல் பக்கத்துக் கிண்ணம் தொடாமல் நிறைந்திருந்தது. கிழவர் உட்காரும் பக்கத்துக் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. கெட்டில் வாசல் பக்கம் இருந்தது. எழுபது தாண்டிய மொல்தோகான் தன்னைவிடச் சின்னவன் எதிரே இருக்கும்போது கெட்டிலைத் தொட்டிருக்க மாட்டார். வந்தவன்தான் டீ போட்டிருக்கிறான், கையோடு கொண்டுவந்த உப்பையும் போட்டிருக்கிறான்.

பதற்றத்தில் கை தவறிப் போட்டிருப்பான் என்று ஷம்ஷி சொல்லிப் பார்த்தான். அனார்கான் தலையை ஆட்டினார். கொலை செய்ய வருகிறவன் ரொட்டியும் டீத்தூளும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து பால் காய்ச்ச மாட்டான், இது ஏதோ கேட்க வந்தவன் போட்ட டீ, நிதானமாகப் போட்ட டீ என்றார்.

"கை யோசிக்காம போட்டிருக்கு, ஷம்ஷி. இந்தத் தண்ணி கசக்கும்னு அந்தக் கைக்குத் தெரியாது."

"அப்ப தெமிர்போலோத் இல்ல. அவன் வருஷா வருஷம் இந்தத் தண்ணிக்காகத்தானே தொண்டை கிழியக் கத்தினான்."

"அதை அவன் பொண்டாட்டி வாயால கேட்டுக்கலாம். வண்டியை எடு."

மேலே போகிற பாதை என்று ஒன்று கிடையாது. வறண்ட ஓடையே பாதை. வசந்தத்தில் பனி உருகும் சில நாட்கள் மட்டும் அதில் தண்ணீர் பாய்ந்து கல்லையெல்லாம் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும், மிச்ச வருஷமெல்லாம் அந்தக் கற்கள் வண்டிகளின் அச்சை முறிக்கும். ஷம்ஷி ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வசவு வைத்திருந்தான். ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இடது கிளையைப் பிடித்து ஏறினால், காற்று மறைவில் தெமிர்போலோத்தின் கிடை.

பூரூல் அழவில்லை. அழுகிற கட்டம் தாண்டிக் கோபத்துக்கு வந்திருந்தாள். கம்பளிக் கூடாரத்தைப் பாதி பிரித்துப் போட்டு, நனைந்த கம்பளியைத் தனி ஆளாக இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பனி கணவாயை மூடுவதற்குள் மந்தையை இறக்கியாக வேண்டும். இறக்க ஆள் இல்லை. புருஷனின் அண்ணன் தம்பிகள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, கொலைகாரன் வீட்டு வாசலில் நிற்க அவர்களுக்குக் கூச்சமாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஷம்ஷி ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தான். கம்பளி பிணத்தின் கனம் கனத்தது.

பிறகு டீ கொடுத்தாள். உறைந்த பனியோடையை உடைத்து எடுத்த தண்ணீர், அளவாக உப்பு. ஷம்ஷிக்கு உயிர் வந்தது. அனார்கான் சும்மா கேட்பதுபோலக் கேட்டார், உன் புருஷன் தாஷ்-புலாக்கில் டீ போட்டால் உப்புப் போடுவானா?

பூரூல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவருக்கு என்ன பைத்தியமா? அந்தத் தண்ணியில உப்பு போடக் கூடாதுன்னு எங்க வீட்ல பால்குடி மறக்காததுக்குக்கூடத் தெரியும்."

"வேற யாருக்குத் தெரியாது?"

யோசித்தாள். கீழே கிஸில்-தோபோ ஊர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும் என்றாள். கம்பளி வாங்க வருகிற வியாபாரிக்கும் தெரியும், ஊசி போட வருகிற மாட்டு டாக்டருக்கும் தெரியும். கேப்டன் உசெனுக்கே தெரியும், தெரிந்தும் அவன் டீயை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது பூரூல் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு அவரை ஏற்றி அனுப்பிவிட்டால் அப்புறம் நான் யாரைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டாள். அனார்கான் வாக்குக் கொடுக்கிற ரகம் இல்லை. பூரூலின் கையை எடுத்து ஒருமுறை அழுத்திவிட்டு விட்டார்.

இறக்கத்தில் ஷம்ஷிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் தெரியாத ஒருத்தன், எல்லோரும் இருக்கிற ஊரில், யாருக்கும் தெரியாமல் வந்து டீ போட்டுவிட்டுப் போயிருக்கிறான், பேசாமல் ஆவியைக் கைது செய்துவிடலாம், உசெனுக்கும் வேலை மிச்சம் என்றான். அனார்கான் சிரிக்கவில்லை. தாஷ்-புலாக் வந்தபோது ரேடியேட்டர் புகைந்தது. வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்தான்.

"அதான் சுனை இருக்கே, ஊத்து."

"இதையா? ஒரு மாசத்துல ரேடியேட்டர் ஓட்டை விழுந்துரும். உங்களுக்கு வண்டி மேல என்னக்கா கோபம்?" பின் சீட்டிலிருந்து ஊர்த்தண்ணீர் கேனை எடுத்து ஊற்றிக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தான். "ஆனா ஒண்ணு. சின்னப் பையனா இருக்கறப்ப இந்தத் தண்ணியை நான் வயிறு முட்டக் குடிச்சிருக்கேன். அப்ப இப்படி இல்ல. அப்புறம் மலை ஒரு தும்மு தும்முச்சு பாருங்க, அந்தப் பெரிய நிலநடுக்கம், அதுல சுனை கொஞ்ச நாள் நின்னே போச்சு. திரும்பி வந்தப்ப இந்த லட்சணத்துல வந்துச்சு."

பேசிக்கொண்டே திரும்பினான். அனார்கான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுக்கத்துக்கு முன்னாடி இங்க எல்லாரும் டீயில உப்பு போட்டாங்க."

"ஆமா, பின்ன? நல்ல தண்ணிதானே."

"அப்ப இந்தச் சுனைக் கிடை யாரோடது?"

"எங்க..." என்று வாயைத் திறந்தான் ஷம்ஷி. கேனிலிருந்து தண்ணீர் ரேடியேட்டரை நிரப்பி, வழிந்து, அவன் பூட்ஸ் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கிடை அவன் தாய்மாமன் ஓரோசாலியுடையது. நடுக்கத்துக்கு முந்தின வசந்தத்தில், மந்தையெல்லாம் நோயில் போய்விட்டதால், கிடையை மொல்தோகானிடம் விட்டுவிட்டுக் கட்டட வேலைக்கு ரஷ்யா போனவர். போனவர் போனவர்தான், ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. இந்த இலையுதிர் காலத்தில்தான் திரும்பி வந்தார். இப்போது தங்கியிருப்பது ஷம்ஷியின் வீட்டில். கொலை நடந்த அன்று, சந்தைக்குக் குதிரை பார்க்கப் போகிறேன் என்று பக்கத்து வீட்டுக் குதிரையை இரவல் வாங்கிக்கொண்டு போனார். குதிரை எதுவும் வாங்காமல் வந்தார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஷம்ஷி வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். மாமாவுக்குத் தண்ணீர் மாறின விஷயம் தெரிந்திருக்கும், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று தொடங்கினான். தொடங்கியவனுக்கே தெரியும், யாரும் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து மாமா ஒரேயொரு ஆளோடுதான் பேசிக்கொண்டிருந்தார், அது அவன் அம்மா கிம்பாத். ஒவ்வொரு தடவை போனிலும் அம்மா சொல்வதை அவன் கேட்டு வளர்ந்திருக்கிறான். உன் சுனை அப்படியே இருக்குண்ணே, தண்ணி தேன் மாதிரி ஓடுது, வந்துடுண்ணே. கூடப் பிறந்தவன் ஒருவனாவது திரும்பி வரட்டும் என்று அவள் சொல்லிச் சொல்லி வந்த பொய் அது. ஏம்மா இப்படிப் புளுகறே என்று ஒருமுறை கேட்டதற்கு, வர்றப்ப பார்த்துக்கட்டும் என்றாள்.

அதை அனார்கானிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டான். பாதியில் நிறுத்தத் தெரியாத வாய்.

"உப்பை வெச்சு உசென்கிட்ட போனா சிரிப்பான்" என்றார் அனார்கான். அவர் குரலிலும் சந்தோஷம் இல்லை. காலிக் கேனை வாங்கிக்கொண்டு போய்ச் சுனையில் பிடித்து, மூடி, பின் சீட்டில் வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். உங்க வீட்டுக்குப் போறோம். நீதான் வீட்ல சின்னவன், டீ நீதான் போடணும். இந்தத் தண்ணியில போடு, எப்பவும்போல உப்புப் போடு. யார் என்ன பண்றாங்கன்னு மட்டும் பார்ப்போம்.

ஷம்ஷி ரேடியேட்டர் மூடியைத் திருகி மூடினான்.

"கேன் உன் வண்டியில இருக்கு. வழியில கல்லுல ஏறிக் கவுந்து கொட்டிருச்சுன்னா நான் எதுவும் கேட்க மாட்டேன்."

இதைவிட அவர் அவனை அடித்திருக்கலாம்.

கிஸில்-தோபோ வரைக்கும் அவன் ஒரு கல்லையும் திட்டவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கேன் பின் சீட்டில் இடித்துக்கொண்டது. மூடியை லேசாகத் தளர்த்தினால் போதும். அப்பா இறந்தபோது குதிரையில் வந்து அவனைத் தூக்கி முன்னால் உட்காரவைத்துக்கொண்ட மாமா. ரஷ்யாவிலிருந்து அவனுக்கென்று தோல் பூட்ஸ் வாங்கி வந்த மாமா. யாரோ பெண்ணுக்கு வண்டி ஓட்டிக் காலம் தள்ளாதே மருமகனே, உனக்குன்னு ஒரு கிடை ஏற்பாடு பண்றேன் என்று போன வாரம் சொன்ன மாமா. அந்தப் பக்கம் யாரென்றே தெரியாத ஒரு மேய்ப்பன், நனைந்த கம்பளியைத் தனியாக இழுக்கிற ஒரு பெண். ஷம்ஷி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கேனைத் தொடவில்லை.

வீட்டில் அம்மா முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்புத் தடவிக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தாள். அனார்கானைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மாமா எழுந்து மரியாதையாக விருந்தாளி உட்காரும் இடத்தைக் காட்டினார். நரைத்த மீசை, கட்டட வேலையில் காய்த்துப்போன கை, பேச்சில் நிதானம். இந்த மனுஷனா? ஷம்ஷி கேனைத் தூக்கிக்கொண்டு அடுப்பு மூலைக்குப் போனான்.

அங்கிருந்து பேச்சு கேட்டது. அனார்கான் குளிரைப் பற்றிப் பேசினார், ரஷ்யாவைப் பற்றிக் கேட்டார். அப்படியே, பழைய கிடைப் பக்கம் போய்ப் பார்த்தீர்களா என்றார். இன்னும் இல்லை, வசந்தம் வரட்டும் என்று இருக்கிறேன் என்றார் மாமா. குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. மொல்தோகான் பெரியவர் சாவைக் கேள்விப்பட்டு மனசே ஆறவில்லை என்று அம்மா சொன்னதற்கு, மாமா கையை விரித்து முகத்தில் தடவி, ஆத்மா சாந்தி அடையட்டும் என்றார்.

தண்ணீர் கொதித்தது. ஷம்ஷி டீத்தூளைப் போட்டான், பாலை ஊற்றினான். பால் பூப்பூவாகத் திரிந்தது. உப்பு ஜாடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. போடாவிட்டால் வெறும் கசப்பு டீ, எல்லோரும் முகம் சுளித்துவிட்டு வேறு தண்ணீரில் போடச் சொல்வார்கள், அதோடு முடிந்தது. அடுப்பங்கரையில் நின்றுகொண்டு அவன் அனார்கானை, உசெனை, தன்னை, மலையைத் தும்மவைத்த கடவுளை எல்லோரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தான். பிறகு உப்பைப் போட்டான்.

ஊற்றிக் கொடுத்தான். முதல் கிண்ணம் விருந்தாளிக்கு, அடுத்தது மாமாவுக்கு, அடுத்தது அம்மாவுக்கு. அனார்கான் கிண்ணத்தைக் கையில் வைத்துச் சூடு காய்ந்துகொண்டிருந்தார்.

மாமா ஒரு வாய் குடித்தார்.

ஒன்றும் ஆகவில்லை. புருவம்கூட அசையவில்லை. தொண்டை ஏறி இறங்கியது, அவ்வளவுதான். இன்னொரு வாய் குடித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் கிண்ணத்தைக் கவிழ்த்துக் குடித்து முடித்துத் துணியின் மேல் வைத்தார். அந்தக் கை மட்டும் கிண்ணத்தை விடாமல் பிடித்திருந்தது.

அம்மா வாயில் வைத்தது வைத்தபடி தட்டில் துப்பினாள்.

"அடப்பாவி, என்னடா இது?" நாக்கை நீட்டி தலைத்துணி நுனியால் துடைத்துக்கொண்டாள். பிறகு ருசி பிடிபட்டு, மகனின் முட்டாள்தனத்தை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "தாஷ்-புலாக் தண்ணியா? இதுல போய் உப்பைப் போட்டிருக்கியே! அண்ணே, நீ எப்படிண்ணே இதை..."

சிரிப்பு பாதியில் நின்றது. மாமாவின் காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

மாமாவின் முகத்தை ஷம்ஷி அன்றைக்குப் பார்த்தது போல் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்க விரும்பவில்லை. தங்கை சிரித்த சிரிப்பில் அது பொலபொலவென்று உதிர்ந்துபோனது.

"தெரியாம குடிக்கறவன் துப்பியிருப்பான்" என்றார் அனார்கான் மெல்ல. "நான் துப்பினேன். இவன் துப்பினான். கிம்பாத் துப்பினா. நீங்க மட்டும்தான் எந்தத் தண்ணின்னு கேட்க பயந்து முழுங்கினீங்க."

மறுத்திருந்தால் அனார்கானிடம் வேறு ஒன்றும் இல்லை, அது ஷம்ஷிக்கும் தெரியும். மாமா மறுக்கவில்லை.

"அவரும் இதையேதான் சொன்னார்" என்றார். "இதே சிரிப்பு. இதுல போய் உப்பைப் போட்டிருக்கியேன்னு."

அதற்கப்புறம் அவர் சொன்னதெல்லாம் கோர்வையாக இல்லை. பாதிக் கிடையாவது கொடுங்கள் என்று கேட்கத்தான் போனாராம், மருமகனுக்காக. முழுசா எடுத்துக்கோ, கசந்துபோன தண்ணிக்கு நான் காவல் காத்தது போதும் என்றாராம் கிழவர். கிண்டல் செய்கிறார், கிடையைக் கொடுக்க மனசில்லாமல் கதை விடுகிறார் என்று மாமா நினைத்தாராம். டீயை வாயில் வைத்ததும் கிழவர் துப்பிச் சிரித்துவிட்டு, கிண்ணத்தைத் தட்டிவிட்டு, வாடா வெளியே, காட்டறேன் என்று தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். விருந்தாளி ஊற்றிக் கொடுத்த டீயைத் துப்பிவிட்டுச் சிரிக்கிற மனுஷன் என்று ஆத்திரம் தலைக்கேறியதாம்.

"எனக்கு ஒரு கை தண்ணி அள்ளிக் குடுக்கத்தான் குனிஞ்சார்" என்றார் மாமா. "நான் கல்லை எடுத்துட்டேன். அப்புறம் கையைக் கழுவினேன். வாயைக் கழுவினேன். அப்பதான் தெரிஞ்சுது, அவர் பொய் சொல்லலை. நம்பாம போயிட்டேன். எப்படி நம்புவேன்? போன்ல ஒவ்வொரு தடவையும் நீ..."

அம்மாவைப் பார்த்தார். அதை முடிக்காமல் விட்டுவிட்டார். எழுந்து, சுவரில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, போலாம் தங்கச்சி என்றார் அனார்கானிடம். இன்றைக்கே உசெனிடம் சொல்லிவிடுகிறேன், அந்தப் பையனை விடச் சொல்லுங்கள் என்றார்.

வண்டியில் மாமா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் வலியோடு அம்மா வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். அழவில்லை. அனார்கானின் கையைப் பிடித்து, எப்படிக் கண்டுபிடிச்சீங்க, தண்ணி மாறினது அவனுக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள். ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, விசாரித்ததில் தெரிந்தது என்றார் அனார்கான். அப்படிச் சொல்லும்போது ஷம்ஷியைப் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் போதும். வீடு மிஞ்சியிருக்கும்.

"நான்தாம்மா சொன்னேன்" என்றான் ஷம்ஷி.

அம்மா அவனை வெகுநேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான்.

"நான் பொய் சொன்னேன், அதுல ஒருத்தர் செத்தார்" என்றாள். "நீ நிஜம் சொன்னே, அதுல எங்கண்ணன் போறான். நீ பண்ணதுதான் சரி, ஷம்ஷி. ஆனா ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வராதே. இன்னிக்கு என்னால உன் மூஞ்சியைப் பார்க்க முடியாது."

கதவு சாத்திக்கொண்டது. ஷம்ஷி வண்டியைக் கிளப்பினான்.